மழைத் தண்ணீர் கலங்கினால் தூண்டிலைக் கட்டி வைக்க வேண்டுமா?

கேள்வி: கேளம்பாக்கத்தில் இருக்கிறேன். கோடையில் கோவளம் கரையில் செத்த இறால் போட்டாலே கிழங்கான், பாரைக் குஞ்சு என்று ஏதாவது மாட்டும். ஐப்பசி மழை பிடித்ததும் தண்ணீர் சேறாகிவிடுகிறது, கெளுத்தி தவிர ஒன்றும் வருவதில்லை. தை வரை ராடைக் கட்டி வைத்துவிடலாமா?

பதில்: வைக்காதீர்கள். கொடுவா பிடிக்க இது நல்ல பருவம். இடத்தையும் இரையையும் மாற்றினால் போதும்.

குளிர் நாடுகளில் இந்த மாதங்களில் தண்ணீர் குளிர்வதால் மீன் இடம் மாறும். நம் கடல் அக்டோபரிலும் 28, 29 டிகிரியில்தான் இருக்கிறது. இங்கே மீனைக் கிளப்புவது மழை. கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும் முட்டுக்காடு முகத்துவாரம் வடகிழக்குப் பருவமழையில் உடைத்துக்கொள்ளும். உப்பங்கழியில் வளர்ந்த இறாலும் மடவைக் குஞ்சும் வெள்ளத்தோடு கடலுக்கு இறங்கும். அதைத் தின்னக் கொடுவாவும் செப்பிலியும் வாய்க்கால் ஓரமாக வந்து நிற்கும். திறந்த கடற்கரையில் வாடைக்காற்று அலையோடு மல்லுக்கட்டுவதைவிட அங்கே போங்கள்.

கனமழைக்கு மறுநாளே ஓட வேண்டாம். மழை விட்டு இரண்டு மூன்று நாளில், டீ நிறத்தில் இருந்த தண்ணீர் பச்சைக்குத் திரும்பத் தொடங்கும்போது போங்கள். கழித்தண்ணீரும் கடல்தண்ணீரும் சேரும் இடத்தில் நுரையும் குப்பையும் ஒரு கோடாக ஒதுங்கி நிற்கும். இரை விழ வேண்டிய இடம் அந்தக் கோட்டின் ஓரம்தான். இன்னொன்று, நன்னீர் எடை குறைந்தது, உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து ஓடும். மேலே ஓர் அடி கலங்கலாக இருந்தாலும் அடியில் உப்புத்தண்ணீர் தெளிவாகக் கிடக்கலாம். தக்கையில் அந்தக் கலங்கலுக்குள்ளேயே இரையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தால் மீனே இல்லாத தண்ணீரில் காத்திருப்பீர்கள். ஈயம் சேர்த்துக் கீழே இறக்குங்கள்.

நேரம் என்றால் வற்றம், அதாவது கடல் இறங்கும் நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் நன்றாக இருக்கும். ஓத அட்டவணையை மட்டும் நம்பி மூட்டை கட்டிவிடாதீர்கள். முகத்துவாரம் குறுகலாக இருப்பதால், கடல் ஏறத் தொடங்கிய பிறகும் கழித்தண்ணீர் கொஞ்ச நேரம் வெளியேதான் ஓடும். அட்டவணை காட்டும் நேரம் தாண்டியும் கடி வரும். அது விடியற்காலையோடு சேர்ந்து வந்தால் விடவே விடாதீர்கள்.

செத்த இறாலை முதலில் மோப்பம் பிடிப்பது கெளுத்திதான். உயிர் இறாலுக்கோ விரல் நீள மடவைக்கோ மாறுங்கள். இறாலின் தலைக்குள் கருப்பாகத் தெரியும் புள்ளியைத் தொடாமல், கொம்புக்குக் கீழே குறுக்காக முள்ளை ஏற்றினால் நெடுநேரம் துடிக்கும். மடவை என்றால் மேலுதடு. வட்ட முள், அதாவது சர்க்கிள் ஹூக், போட்டிருந்தால் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தூண்டில் நரம்பு இறுகும் வரை நிதானமாக ரீலைச் சுற்றுங்கள், முள் தானாகவே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. முள்ளுக்கு முன்னால் 40 பவுண்டு தாங்கும் நரம்பு ஒரு பாகமாவது (விரித்த இரு கை நீளம்) கட்டுங்கள், அந்தப் பக்கம் விரலை விடாதீர்கள்.

மாட்டியது பெரிய கொடுவா என்றால் அது பெரும்பாலும் பெண். இந்த மீன் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. முட்டுக்காட்டில் ஆய்வுப் பண்ணை வைத்திருக்கும் சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் இதைக் குஞ்சு பொரிக்க வைத்தபோதே இந்தக் கணக்கு முக்கியமாக இருந்தது. ஐந்தாறு கிலோவைத் தண்ணீரிலேயே வைத்துப் படமெடுத்து விட்டுவிட்டு, இரண்டு கிலோவைக் குழம்புக்கு எடுத்துப் போவதுதான் என் பழக்கம். ருசியும் அதில்தான்.

உடைந்த முகத்துவாரத்தின் மணல் ஓரத்தில் மட்டும் நிற்காதீர்கள். அடியில் அரித்துவிட்டிருக்கும், மேலே கெட்டியாகத் தெரியும். பத்தடி தள்ளி நின்று வீசுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், இடி கேட்டால் அதைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்காருங்கள். புறப்படும் முன் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அலை எச்சரிக்கையைப் போனில் ஒரு முறை பாருங்கள்.

அப்புறம் உங்கள் கெளுத்தி. இரையை மாற்றினாலும் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷ முள். கையால் பிடிக்காமல் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் வலி இறங்கும், அந்த விஷம் சூட்டில் கெடும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது, அதனால் மற்றக் கையால் தொட்டுப் பார்த்து வையுங்கள். முள் உடைந்து உள்ளே நின்றிருந்தால் நோண்டாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.