பட்டறை இல்லாத இடத்தில் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கைவேலைக்காரர்களைப் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய கட்டுரையில், பொக்லைன், ஜேசிபி போன்ற கனரக இயந்திரங்களை அவை நிற்கும் இடத்துக்கே போய்ப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளைக் குறித்து, ‘மேலதிகாரியின் முகத்தில் விழிக்காமல் ஊர் ஊராகச் சுற்றும் பாக்கியசாலிகள்’ என்று ஒரு வரி இருந்தது. தாங்களே பதினோரு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தவர் என்பதால் அது எனக்குக் கூடுதலாகவே உறுத்தியது.

என் தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒன்றரை ஆண்டாக ஒரு டீலரிடம் ஃபீல்டு சர்வீஸில் இருக்கிறான். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப இரவு பத்தாகிறது, சில நாள் பன்னிரண்டாகிறது. கல் குவாரி, ஏரி தூர்வாரும் இடம், சாலை வேலை என்று நாளுக்கொரு திசை. சாப்பாட்டுப் பெட்டி பல நாள் திறக்கப்படாமலே வருகிறது. கேட்டால், “வேலை கஷ்டமில்லக்கா, மத்ததுதான் முடியல” என்கிறான். அதற்கு மேல் சொல்வதில்லை. அம்மா வேறு வேலை பார்க்கச் சொல்கிறார். அந்த ‘மற்றது’ என்ன? அவனை விட்டுவிடச் சொல்லலாமா? அடுத்த மாதம் அவனுக்குப் பிறந்தநாள். வேலைக்கு உதவுகிற பொருள் ஒன்று வாங்கித்தர நினைக்கிறேன், எது என்றும் சொல்லுங்கள்.

கே., தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

அந்த வரியை எடுத்து மீண்டும் படித்தேன். தவறுதான். வேலையை விட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவன் எழுதிய வரி அது. உடம்பு எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறது என்பதற்கு அது சாட்சி.

தங்கள் தம்பி சொன்னது சரியான சொல். கழற்றுவதும் மாட்டுவதும் பழகினால் வந்துவிடும். பட்டறையில் இருக்கும் மெக்கானிக்குக்குச் சிமெண்ட் தரை உண்டு, விளக்கு உண்டு, பாரம் தூக்கும் செயின் பிளாக் உண்டு, கை நீட்டினால் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு பையன் உண்டு. டயருக்குப் பதில் இரும்புச் செயினில் நகரும் இருபது டன் செயின் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், தளம் தாழ்ந்த லோபெட் லாரி பிடிக்க வேண்டும். அந்த வாடகைக்குப் பயந்துதான் மெக்கானிக்கை வரவழைக்கிறார்கள். ஆகவே அவன் போய்ச் சேர்ந்ததும் முதலில் செய்வது பழுது பார்ப்பதல்ல. சரிவில் நிற்கும் வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்த முடியுமா என்று பார்ப்பது, நகராவிட்டால் செயினுக்குக் கட்டை கொடுப்பது, காற்று வீசும் திசைக்குத் தார்ப்பாய் கட்டுவது என்று ஒரு பட்டறையையே அங்கே எழுப்புகிறான். வேலை முடிந்ததும் அதைக் கலைத்து பைக்கில் ஏற்றிக்கொண்டு வருகிறான். நாளைக்கு இன்னோரிடத்தில் மறுபடியும்.

அதற்கு முன்பே, அதாவது தொலைபேசியிலேயே, பாதி வேலை நடந்துவிடுகிறது, அல்லது கெட்டுப்போகிறது. “ஹிட்டாச்சி தூக்கலண்ணே” என்று ஒரு குரல் வரும். நம் ஊரில் மண் அள்ளும் செயின் வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சிலருக்கு ஹிட்டாச்சி, சிலருக்குப் பொக்லைன். முன்னும் பின்னும் வேலை செய்யும் டயர் வண்டி எல்லாமே ஜேசிபி. பொக்லைன் என்பது 1927இல் பிரான்சில் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதோ, ஜேசிபி என்பது 1945இல் இங்கிலாந்தில் தொழிலைத் தொடங்கிய ஜோசப் சிரில் பேம்ஃபோர்டின் முன்னெழுத்துகள் என்பதோ குவாரியில் யாருக்கும் வேண்டியதில்லை. மெக்கானிக்குக்கு மட்டும் வேண்டும், ஏனென்றால் அவன் எடுத்துப்போகும் சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்களின் தொகுப்பு) எந்த வண்டிக்கு என்பது அதில் இருக்கிறது. பிளேட்டில் உள்ள மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் வண்டியின் முழு உருவத்தையும் எடுத்து அனுப்புவார்கள்.

பிறகு கேள்விகள். இந்த வண்டியைத் தூக்கவைப்பது பம்பு அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் ஆயில். பூம் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை) மட்டும் தூக்கவில்லையா, ஆர்மும் (அதன் முன்கை) பக்கெட்டும் (மண் அள்ளும் வாளி) சேர்ந்தே மெதுவாக இருக்கிறதா? காலையிலிருந்தேவா, இரண்டு மணி நேரம் ஓடிச் சூடான பிறகா? பம்பு பக்கம் ஊளையிடுகிற சத்தம் வருகிறதா? ஆயில் பால் நிறத்தில் இருக்கிறதா? எல்லாமே சேர்ந்து தளர்ந்தால் பம்பு, அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் மெயின் ரிலீஃப் வால்வு, ஆயில் உறிஞ்சும் வழி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் தளர்ந்தால் அதன் சிலிண்டர் சீலையோ அதற்கான வால்வையோ பார்க்க வேண்டும். சூடானபின் தளர்ந்தால், ஆயில் இளகி உள்ளுக்குள்ளேயே எங்கோ கசிகிறது. ஊளைச் சத்தம் வந்தால் பம்பு காற்றைக் குடிக்கிறது, பால் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. பதில்கள் சரியாகக் கிடைத்தால் உரிய பொருளோடு ஒருமுறை போய்வருவதோடு முடியும். இல்லையென்றால் இரண்டு நடை.

ஆனால் பதில் சொல்லும் ஆபரேட்டர் பல சமயம் உண்மையைச் சொல்ல முடியாத நிலையில் இருப்பான். பக்கெட்டைச் சம்மட்டியாக்கிப் பாறையில் அடித்ததையோ, ஆயில் குறைந்த பிறகும் ஓட்டியதையோ, பக்கத்தில் ஓனர் நிற்கும்போது எப்படிச் சொல்வான்? சொன்னால் அன்றைய பேட்டா போய்விடும். ஆகவே அவனைத் தனியே டீக்கு அழைத்துப் போய், “நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்ப்பா, என்ன ஆச்சு?” என்று கேட்கத் தெரிய வேண்டும். இதை எந்தப் பாலிடெக்னிக்கிலும் சொல்லித்தருவதில்லை. பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ஆபரேட்டர்கள் வரத் தொடங்கிய பிறகு இதையே அரைகுறை இந்தியில் கேட்க வேண்டியதாயிற்று. என் இந்தி அப்படித்தான் வளர்ந்தது. இன்றுவரை அதில் ‘எங்கே ஒழுகுகிறது’ என்று கேட்பேனே தவிர நலம் விசாரிக்கத் தெரியாது.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொன்னால் தங்கள் தம்பியின் ‘மற்றது’ இன்னும் துலங்கும் என்று நினைக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு குவாரி. மாலை ஐந்து மணி இருக்கும். ஆர்ம் சிலிண்டருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஓஸ் வெடித்து வண்டி நிற்கிறது. ஓனர் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, மணிக்கு இவ்வளவு வாடகை போகிறது, மாதத் தவணை இவ்வளவு, நாளைக் காலை லாரிகள் வந்துவிடும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்லர். அவருடைய கடன் அவர் வாயால் பேசிக்கொண்டிருந்தது. நான் பழைய ஓஸை மளமளவென்று கழற்றி, சுருட்டி, பைக்கில் கட்டிக்கொண்டு, புது ஓஸ் செய்து வாங்க ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓசூருக்கு ஓடினேன். நீளம் சரியாக இருந்தது, முனையின் திருகு மரை சரியாக இருந்தது. ஆனால் அந்த ஓஸின் இரண்டு முனைகளுமே வளைந்தவை. ஒரு முனை இருக்கும் கோணத்துக்கு மறுமுனை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதைக் கழற்றும் முன் நான் குறித்துக்கொள்ளவில்லை. வெடித்த ஓஸ் முறுக்கிக்கொண்டுவிட்டதால் கடைக்காரருக்கும் அது தெரியவில்லை. இரவு ஒன்பதரைக்குத் திரும்பி வந்து மாட்டிப் பார்த்தால் முனை கால் திருப்பு தள்ளி நிற்கிறது. முறுக்கி ஏற்றினால் ஏறும், இரண்டு நாளில் மறுபடி வெடிக்கும். ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் போதும். அதற்கு ஆகும் நேரம் பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியை நான் ஓனரின் பேச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இரவு தேன்கனிக்கோட்டைச் சாலையில் யானை நிற்பதாகச் சொன்னதால் வண்டியின் கேபினிலேயே படுத்துத் தூங்கினேன்.

அந்த ‘மற்றது’ பெரும்பாலும் இதுதான். அவசரம் எப்போதும் இன்னொருவருடையது, பிழை மட்டும் நம்முடையது. பட்டறையில் சூப்பர்வைசர் என்று ஒருவர் நடுவில் நின்று வாடிக்கையாளரின் பதற்றத்தை வாங்கிக்கொள்வார். வெளியில் அது நேராக மெக்கானிக்கின் கழுத்தில் இறங்குகிறது. இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள மிகக் கடினமானது, ஒருவர் தலைமேல் நின்று கத்தும்போதும் மெதுவாகவே வேலை செய்வது என்பது என் கணிப்பு. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறேழு ஆண்டுகள் ஆயின. தங்கள் தம்பிக்கு ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருக்கிறது.

மெதுவாகச் செய்வது வெறும் நேர்த்திக்காக மட்டுமல்ல. இருபது டன் வண்டியின் ஹைட்ராலிக் ஆயில் வேலையின்போது ஏறத்தாழ 350 பார் அழுத்தம்வரை போகும், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோவுக்கும் சற்று மேலே. நம் பைக் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இன்ஜினை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விட்டது என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. பூமையும் பக்கெட்டையும் தரையில் இறக்கி வைத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆனில் வைத்து லீவர்களை எல்லாத் திசையிலும் அசைத்து, டேங்கின் காற்றையும் திறந்துவிட்ட பிறகே ஒரு நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். ஓஸில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தால் அதிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாது. கையால் தடவித் தேடினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் தேட வேண்டும்.

என்னோடு வேலை செய்த ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் அப்படித்தான் ஆயிற்று. சிறு புள்ளி, ஒரு துளி ரத்தம், வலிகூட இல்லை. அவர் போன மருத்துவமனையில் மருந்து தடவிக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கை மணிக்கட்டுவரை வீங்கியது. பிறகு வேறிடத்தில் அறுவை செய்து சுத்தம் செய்தும் விரலின் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே போன ஆயில் தசையை அரித்துக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இதைத் தங்கள் தம்பி அறிந்திருப்பார், ஆனால் வீட்டில் உள்ளவர்களும் அறிந்திருப்பது நல்லது. அப்படி நேர்ந்தால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும், ‘அதிக அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது’ என்று மருத்துவரிடம் அந்தச் சொற்களிலேயே சொல்லி, அறுவை வசதி உள்ள இடத்துக்கு அன்றைக்கே போக வேண்டும்.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரானைட் குவாரியில் பம்பைத் திறப்பது, புழுதிக் காற்றில் கண் அறுவை செய்வது போல. பம்புக்குள் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி சில இடங்களில் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எல்லாரும் கை துடைக்கும் பனியன் வேஸ்ட்டின் ஒரு நூலிழை வால்வில் சிக்கினாலே லீவர் விட்ட பிறகும் பூம் நகரும். ஆகவே திறக்கும் முன் சுற்றிலும் கழுவ வேண்டும், கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் பாலிதீன் பை கட்ட வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் நேரம் கடத்துவதாகத்தான் தெரியும். கூலி கேட்கும்போது, “ஒரு ஓ-ரிங் மாத்தினதுக்கு இவ்வளவா?” என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வருகிறது. மாற்றிய பொருளின் விலையை வைத்தே வேலையை அளக்கும் வழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது.

2021 ஏப்ரலில் டயர் வண்டிகளுக்குப் புதிய மாசு விதிகள் வந்தபின் இன்ஜின்கள் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறி, ஸ்பேனரோடு லேப்டாப்பும் தூக்க வேண்டியதாகிவிட்டது. எலி கடித்த ஒரு ஒயருக்காக வண்டி வேகம் குறைந்து முரண்டு பிடிக்கும். நான் விலகிய பிறகு வந்த மாற்றம் இது. தங்கள் தம்பியின் தலைமுறைதான் இதில் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

விட்டுவிடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். கூட ஹெல்பர் அனுப்புகிறார்களா? ‘இன்று இருட்டிவிட்டது, நாளைக் காலைதான் திறப்பேன்’ என்று அவர் சொன்னால் அலுவலகம் அவர் பக்கம் நிற்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால் வேலையை அல்ல, அந்த இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கனரக இயந்திரம் தெரிந்த, கை சுத்தமான மெக்கானிக்கை எடுத்துக்கொள்ள ஓசூரிலும் சேலத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். அம்மாவின் கவலை நியாயமானது, ஆனால் இரவில் அழைத்து “எப்ப வருவ?” என்று கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே ஏற்கெனவே ஒருவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறந்தநாளுக்கு: நெற்றியில் கட்டும் விளக்கு, சார்ஜ் போடும் வகையில், ஒன்றல்ல, இரண்டு. பல ஆண்டுகள் நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்தேன். என் முன்பல் ஒன்று தேய்ந்திருப்பதற்கு அதுவே காரணம் என்று பல் மருத்துவர் சொன்னார். கூடவே பக்கவாட்டிலும் மூடிய, கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடி ஒன்று. பக்கெட் பின்னைச் சம்மட்டியால் அடிக்கும்போது தெறிக்கும் இரும்புச் சில்லுக்கு அது வேண்டும். நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்; வியர்வையில் மங்கும் கண்ணாடியை அவர் ஒரு வாரத்தில் பைக் பெட்டிக்குள் போட்டுவிடுவார், நானும் அப்படித்தான் செய்தேன்.

அன்புடன்.