வலசைப் பறவை என்றால் என்ன? தோட்டத்து மக்களிடம் அதன் பாதுகாப்பை எப்படி எடுத்துச் சொல்வது?

பருவம் பார்த்து ஆண்டுதோறும் ஓரிடம் விட்டு இன்னோரிடம் போய்த் திரும்புவதுதான் வலசை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்து, ஒக்டோபர் வாக்கில் நுவரெலியாவுக்கு வந்து, மார்ச் வரை தங்கும். ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து வருவது.

குளிருக்குப் பயந்து வருவதாகச் சொல்வார்கள். நுவரெலியாவிலும் தை மாத அதிகாலையில் உறைபனி விழுகிறதே! வடக்கில் பூச்சி கிடைக்காது, இங்கே கிடைக்கும், அதுதான் காரணம். கொழும்பில் உழைத்துத் தீபாவளிக்கு லயத்துக்குத் திரும்பும் பிள்ளைகளைப் போல, இவற்றுக்கும் இரண்டு இடமும் வேண்டும்.

உலக வலசைப் பறவைகள் தினம் மே, ஒக்டோபர் மாதங்களின் 2ஆம் சனிக்கிழமைகளில் வருகிறது. மலைநாட்டில் ஒக்டோபரையே எடுங்கள். மேயில் காட்டுவதற்குப் பறவை இருக்காது. பேச்சைக் குறைத்து, செய்து காட்டுங்கள். ஆறுமணிக்குருவி இரவில் பறந்து களைத்து, கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் வைத்து, தெளிந்ததும் பூனை இல்லாத புதரோரம் விடவேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போனால் செத்துவிடும். பாடசாலை யன்னல்களின் வெளிப்பக்கம் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வைத்தால் மோதல் குறையும்.

ஓடைக்கரைச் சருகை எரிக்காதீர்கள், அங்கே மருந்தும் அடிக்காதீர்கள். ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் புழு பூச்சி தேடும்.

அரிசி போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இரண்டு பறவைகளும் அரிசியைத் தொடாது.