மான்செஸ்டரில் முதல் நாய்: தண்டையார்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, உங்கள் நிலைமை இது: வாடகை ஃப்ளாட், மனைவிக்கு மருத்துவமனையில் ஷிப்ட், உங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ். காப்பகத்திலிருந்து ஒரு நாய் எடுக்க ஆசை. தண்டையார்பேட்டையில் தெருநாய்க்குச் சோறு வைத்ததைத் தவிர வேறு பழக்கமில்லை. எந்த மாதிரி நாய் ஒத்துவரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் லீவுக்கு ராயபுரம் வந்திருக்கிறேன். கீழே டீக்கடை பெஞ்சுக்கடியில் எங்கள் தெரு மணி படுத்திருக்கிறான். காது நுனியில் வெட்டு. கார்ப்பரேஷன்காரர்கள் பிடித்துப் போய்க் கருத்தடை செய்து திருப்பி விட்டதற்கு அடையாளம். காலையில் பொறை, மதியம் எதிர்வீட்டு மீன்தலை, ராத்திரி யார் வீட்டு மிச்சமோ. வெடிச்சத்தம் கேட்டால் எந்த லாரிக்கு அடியில் நுழைய வேண்டும் என்று அவனே முடிவு செய்வான். நீங்கள் எடுக்கப்போகும் நாய்க்கு அந்த வசதி கிடையாது. சோறு, நடை, ஒன்றுக்குப் போவதுகூட உங்கள் கையில். அதனால் நாயைப் பார்க்கும் முன் உங்கள் ஒரு நாளைப் பாருங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் தனியே விடாதீர்கள் என்றுதான் அங்குள்ள காப்பகங்கள் பொதுவாகச் சொல்கின்றன. இருவரும் வெளியே போகும் நாளில் யார் பார்ப்பது? இதற்குப் பதில் இல்லையென்றால் இப்போதைக்கு எடுக்காதீர்கள். வீட்டு ஓனரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

குட்டி வேண்டாம். பார்டர் கோலி ஆடு மேய்க்கவும், ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கவும் வளர்த்த இனங்கள்; வேலை இல்லாவிட்டால் சோபாவைப் பிய்க்கும்.

தத்துக் கொடுக்க ருமேனியாவிலிருந்து கொண்டுவரும் தெருநாய்களின் போட்டோக்களும் கண்ணில் படும். ‘நம்ம தெருநாய் மாதிரிதானே, சமாளிச்சிடலாம்’ என்று நம்மவர்களுக்குத் தோன்றும். எனக்கு அங்கேதான் பயம். மணியை நாளைக்கே பிடித்து மூன்றாவது மாடியில் பூட்டினால் கதவு திறந்த நொடியில் ஓடிவிடுவான். நேரில் பார்க்காமல் வேனில் வந்திறங்கும் நாயை அனுபவம் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட். பார்க்க நம்ம சிப்பிப்பாறை சாடை. ஊரையே சுற்ற வேண்டியிருக்கும் என்று பயப்படாதீர்கள். இரண்டு வேளை இருபது நிமிட நடை போதும், மிச்ச நேரமெல்லாம் தூக்கம்தான். ஆனால் பூனையைக் கண்டால் பாயும், அதனால் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. தோல் மெல்லியது, குளிருக்குக் கோட்டு வேண்டும். கொட்டகையிலேயே வளர்ந்ததால் பலவற்றுக்கு மாடிப்படி ஏறத் தெரியாது. லிஃப்ட் இல்லாத கட்டடம் என்றால் யோசியுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாறு வயதான, குணம் தெரிந்த கலப்பின நாய்.

நாய்களுக்கான தொண்டு அமைப்பான டாக்ஸ் டிரஸ்ட் 1891-லிருந்தும், லண்டன் பேட்டர்சீ காப்பகம் 1860-லிருந்தும் இயங்குகின்றன. இப்படிப்பட்ட இடங்களில் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள், சிலர் பெண் பார்க்க வருவது போல வீட்டையும் வந்து பார்ப்பார்கள். கூட்டிச் சொல்லாதீர்கள், உள்ளதைச் சொன்னால்தான் பொருந்தும் நாய் கிடைக்கும். நீங்களும் கேளுங்கள்: முந்தைய வீட்டார் ஏன் விட்டார்கள்? தனியே இருந்தால் குரைக்கிறதா? அப்புறம், கூண்டுக்கு வெளியே ஒருமுறை நடத்திப் பாருங்கள். கூண்டுக்குள் கத்தும் நாய் வெளியே வந்ததும் அடங்கிவிடுவதுண்டு. உள்ளே வாலாட்டிய நாய் வெளியே பஸ் சத்தத்துக்கு உங்கள் காலோடு ஒடுங்குவதும் உண்டு. ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

நாயின் தோலுக்கடியில் வைத்திருக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். வெளியே போகும்போது பெயரும் முகவரியும் உள்ள வில்லை கழுத்தில் இருப்பது அங்கே சட்டம். இன்சூரன்ஸை முதல் நாளே போடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொதுவாகப் பணம் வராது. மணிக்குக் குழம்புச் சோறு வைத்த பழக்கத்தில் சாம்பார் சாதம் பிசைந்து வைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பாயசத்தில் போடும் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாமல் மேஜைக்கடியில் ஒளிந்திருக்கலாம். தூக்கிக் கொஞ்சாதீர்கள், விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள். ஊரிலிருந்து மாமியார் வருவதாக இருந்தால், அவர் ஊர் திரும்ப ஃப்ளைட் ஏறிய பிறகு நாயை எடுங்கள்.