சீனக் கவிதைகளில் வசந்தத் தொடக்க ஏரிக்காட்சியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

குளிர் முழுதாக விடாமல், பூக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் நாட்களைப் பாடுவதுதான் முன்வசந்தக் கவிதை. ஹாங்சோ நகரில் 822 முதல் 824 வரை ஆளுநராக இருந்த கவிஞர் பாய் ஜுயி, அங்குள்ள மேற்கு ஏரியைப் பாடியதைப் பாருங்கள்: வெயில் படும் மரத்துக்காகச் சில மாங்குயில்கள் போட்டி போடுகின்றன, யார் வீட்டுக் கூட்டுக்கோ தகைவிலான் குருவி ஈரமண் கொத்துகிறது, புல் இப்போதுதான் குதிரைக் குளம்பை மறைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. எல்லாமே பாதி வழியில் நிற்கிறது, அதுதான் அழகு! பால் பொங்குவதற்கு முன் ஓரத்தில் நுரை கட்டும்போதே நமக்கு ஒரு பரபரப்பு வருமே, அந்த மாதிரி, வரப்போவதை முதல் ஆளாகக் கண்டுகொள்கிற இன்பம் இது. குதிரை நடை வேகத்தில் மெதுவாகப் படியுங்கள்.

அப்புறம், இந்தக் கவிதையின் கடைசி அடியில் வரும் வெண்மணல் அணைக்கரையைப் பாய் ஜுயியே கட்டினார் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவருக்கு முன்பே இருந்தது, அவர் கட்டியது வேறு கரை.