எரிந்த கட்டடம், ஊறிய சுவர்: சிவில் டிப்ளமோ பையனை இந்த வேலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகன் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறான். தீ விபத்திலும் வெள்ளத்திலும் கெட்டுப்போன கட்டடங்களைச் சீரமைக்கும் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியனாகக் கூப்பிடுகிறார்கள். "கரி துடைக்கவா மூணு வருஷம் படிக்க வெச்சே?" என்கிறார் அவனுடைய மாமா. வேலைக்கு அனுப்பலாமா, நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்த்துவிடலாமா?

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி, அம்மா. ஆரம்பத்தில் உங்கள் பையன் கரி துடைப்பான், சேறு அள்ளுவான், ஊறிப்போன பிளைவுட்டைத் தூக்கிப் போடுவான். மீதிப் பாதிதான் தொழில். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனி. எந்தச் சுவர் எவ்வளவு நனைந்தது, எதைக் காப்பாற்ற முடியும், எதை இடிக்க வேண்டும் என்று அளந்து எழுதிக் காட்டினால்தான், அந்தக் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பில்லை ஒப்புக்கொள்வார். துடைப்பவர்கள் நிறைய பேர் கிடைப்பார்கள். அளந்து எழுதத் தெரிந்தவர்கள்தான் குறைவு. கையில் ஈரம் அளக்கும் மீட்டரைக் கொடுப்பார்களா, துடைப்பத்தை மட்டும் கொடுப்பார்களா என்று பார்த்து முடிவெடுங்கள்.

தண்ணீர் வேலையை எடுத்துக்கொள்வோம். முதல் கேள்வி, எந்தத் தண்ணீர் என்பது. உடைந்த குடிநீர்க் குழாய்த் தண்ணீர் முதல் வகை. வாஷிங் மெஷின் வடிநீர் இரண்டாம் வகை. சாக்கடையும் வெள்ளமும் மூன்றாம் வகை. சுத்தமான தண்ணீரும் இரண்டு நாள் தேங்கிக் கிடந்தால் அடுத்த, இன்னும் அசுத்தமான வகைக்கு மாறிவிடும். மூன்றாம் வகையில் நனைந்த மெத்தை, பார்ட்டிகிள் போர்டு அலமாரி, ஜிப்சம் பலகை ஆகியவற்றைக் காயவைத்துப் பயனில்லை, அப்புறப்படுத்த வேண்டும். டைல்ஸ், கான்கிரீட், செங்கல் சுவரைக் கழுவிக் கிருமிநாசினி போட்டு, பிறகுதான் உலர்த்த வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் இந்தத் தொழிலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ராத்திரி போன் வரும்.

உலர்த்துவதில்தான் நம்மூரில் அதிகம் தப்பு நடக்கிறது. ஜன்னலைத் திறந்து நாலு ஃபேனைப் போட்டால் காய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நவம்பர் மாதச் சென்னையில் வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் கிலோவுக்குச் சுமார் 18 கிராம் நீராவி இருக்கும். உள்ளே டீஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தைத் தண்ணீராக வடிக்கும் மெஷின், ஓடி 30 டிகிரி, 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருந்தால் கிலோவுக்குச் சுமார் 13 கிராம்தான். இப்போது ஜன்னலைத் திறந்தால் ஈரத்தை நாமே உள்ளே அழைத்த மாதிரி. சதவீதத்தை மட்டும் பார்க்காமல் கிராம் கணக்குப் போடத் தெரிந்த பையன் அங்கேயே தனியாகத் தெரிவான்.

தினசரிப் பதிவு இப்படி இருக்கும்: ஒவ்வொரு அறையிலும் வெப்பநிலை, ஈரப்பதம், கிராம் கணக்கு, மெஷினில் வடிந்த தண்ணீர் எத்தனை லிட்டர். அதோடு சுவரில் குறித்துவைத்த அதே புள்ளிகளில் ஈரமானி காட்டும் எண். அதே கட்டடத்தில் நனையாத சுவர் ஒன்றையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். நனைந்த சுவரின் எண் அதை நெருங்கும்போதுதான் 'காய்ந்தது' என்று கையெழுத்துப் போடலாம். தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று பெயின்ட் அடித்தால் சில வாரங்களில் கொப்புளம் கிளம்பும், உப்புப் பூக்கும். இன்னொரு சங்கதி: ஊசி வைத்த ஈரமானி மரத்துக்காக அளவு செய்யப்பட்டது. பூச்சுச் சுவரில் அது காட்டும் எண் ஒப்பிடத்தான் உதவும், அதைச் 'சதவீதம்' என்று ரிப்போர்ட்டில் எழுதினால் விவரம் தெரிந்த சர்வேயர் மடக்கிவிடுவார்.

தீ வேலையில் முதல் பாடம், தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடாதே என்பது. காய்ந்த கரிமீது ஈரத்துணி பட்டால் அது பூச்சுக்குள் இறங்கிக் கறையாக நின்றுவிடும். முதலில் நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போட்ட வாக்குவம், அடுத்து உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்ச், அதன் பிறகே காரச் சோப்பு நீர், கடைசியாகக் கறையை அடைக்கும் பிரைமர். பிளாஸ்டிக்கும் ரப்பரும் புகைந்து எரிந்த கரி பிசுபிசுப்பாக இருக்கும். அங்கே ஸ்பாஞ்ச் உதவாது, தேய்க்கத் தேய்க்க இழுகும். அடுப்பில் கறி தீய்ந்துபோன வீட்டில் கண்ணுக்குக் கரியே தெரியாது, மெல்லிய மஞ்சள் படலம்தான் இருக்கும். நாற்றம் மட்டும் வீட்டையே தூக்கும். அதைக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்தால் வாடை திரும்பத் திரும்ப வரும்.

எலக்ட்ரிக்கல் ஒயரின் பிவிசி உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். தீயே எட்டாத அடுத்த அறையின் கம்ப்யூட்டரும் பேனல் போர்டும் சில நாளில் துருப்பிடிப்பது இதனால்தான். அதனால் தீ அணைந்ததும் மிஷின் இருக்கும் அறையின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது முதல் நாள் வேலை.

சிவில் படித்தவனுக்கு உண்மையான மதிப்பு கட்டமைப்பைச் சோதிக்கும் இடத்தில்தான். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறிய கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறலாம், அங்கிருந்து பலம் குறையத் தொடங்குகிறது. ஆனால் நம்மூர்க் கருங்கல் ஜல்லியில் இந்த நிறம் தெளிவாக விழுவதில்லை. நிறம் மாறவில்லை, ஆகவே பத்திரம் என்று எழுதிவிடக் கூடாது. சுத்தியலால் தட்டி, உள்ளே வெற்றிடம்போல் ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட வேண்டும். அப்புறம் மேற்பரப்பின் உறுதியைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், ஒலி அலையை உள்ளே செலுத்தும் அல்ட்ராசோனிக் சோதனை, கான்கிரீட்டில் உருளையாகத் துளைத்துக் கோர் எடுத்து லேபுக்கு அனுப்புவது, கம்பியில் துண்டு வெட்டி இழுவைச் சோதனை. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முட்டு கொடுக்க வேண்டும், முட்டு இல்லாத ஸ்லாபுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. பிறகு கெட்ட கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புதுக் கம்பி சேர்த்து, பொடி ஜல்லி போட்ட மைக்ரோ கான்கிரீட் ஊற்றி, சுற்றிலும் புது உறையாக ஜாக்கெட் போடுவார்கள். அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் 1975 ஜூலையில் பெரும் தீயில் சிக்கியது. சீர்செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது. தி.நகரில் 2017 மே மாத இறுதியில் பற்றிய ஜவுளிக்கடைக் கட்டடமோ ஒரு நாளுக்கு மேல் எரிந்தது, ஒரு பகுதி இடிந்து விழுந்தது, மீதியை இடித்துத்தான் தீர வேண்டியிருந்தது. எது நிற்கும், எது நிற்காது என்று சொல்வது கட்டமைப்பு இன்ஜினியர். அவருக்கு வேண்டிய அளவுகளை எடுத்துக் கொடுக்கும் இடம் உங்கள் பையனுடையது.

பழைய கட்டடங்கள் தனிப் பிரிவு. நவாபுகளின் பழைய அரண்மனையான சேப்பாக்கம் கலசமஹால் 2012 ஜனவரியில் எரிந்தது, பொதுப்பணித் துறை அதைப் புதுப்பித்தது. சுண்ணாம்பு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் பழைய கூரை) என்று வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவரும் துறை அது, ஆர்வமிருந்தால் அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

படிப்புக்கு வருவோம். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் செல்லுபடியாவது அமெரிக்காவின் ஐஐசிஆர்சி என்ற அமைப்பு தரும் சான்றிதழ். முதலில் டபிள்யூஆர்டி என்னும் தண்ணீர்ச் சேதப் படிப்பு, சுமார் 3 நாள் வகுப்பும் ஒரு தேர்வும். தீக்கு எஃப்எஸ்ஆர்டி. டபிள்யூஆர்டி இருந்தால்தான் கட்டடத்தை உலர்த்தும் மேல்படிப்பான ஏஎஸ்டி எழுத முடியும். அதில் ஒரு கட்டடத்தை வேண்டுமென்றே நனைத்துக் காயவைத்துக் காட்டச் சொல்வார்கள். சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காசில் இதை முதலில் எடுக்க வேண்டாம். சில மாதம் வேலை பார்த்தபின் கம்பெனியே அனுப்பினால் நல்லது, இல்லையென்றால் டபிள்யூஆர்டி ஒன்று மட்டும் போதும்.

பி.இ. கேள்விக்கு என் கருத்து: விட்டுவிட வேண்டாம். இன்ஷூரன்ஸ் சர்வேயர் உரிமம், அந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ கொடுப்பது. இன்ஜினியரிங் பட்டம், தேர்வு, மூத்த சர்வேயரிடம் பயிற்சி என்று அதற்கு வழி உண்டு. டெக்னீஷியனாகத் தொடங்கியவன் எட்டக்கூடிய நல்ல இடம் அது. பட்டம் இல்லாவிட்டால் சூப்பர்வைசரோடு நின்றுவிடும் அபாயம் உண்டு. வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்குச் சில கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. இருக்கிறது. வேலையும் அதுவும் சேர்ந்து போவதே பொருந்தும் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்டபடி நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரிதான் என்றால் அந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டில் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஆபத்தையும் சொல்கிறேன். வெள்ள வீட்டில் மெயின் ஃபியூஸைப் பிடுங்காமல் உள்ளே கால் வைத்தால் உயிர் போகும். எரிந்த கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்கும்போது எழும் தூசு நுரையீரலைக் கெடுக்கும், சாதாரணத் துணி மாஸ்க் அதற்குப் போதாது. வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டானா, பூட்ஸும் கையுறையும் கம்பெனி தருகிறதா, இஎஸ்ஐ இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்டர்வியூவுக்குப் போகும்போது பையன் நான்கு கேள்வி கேட்கட்டும். ஈரமானி எத்தனை வைத்திருக்கிறீர்கள்? கடைசியாக முடித்த வேலையின் உலர்த்தல் பதிவைப் பார்க்கலாமா? கட்டமைப்பு இன்ஜினியர் உங்கள் ஆளா, வெளி ஆளா? முதல் வருடம் எனக்குப் பயிற்சி தருவது யார்? பதிவைக் காட்டத் தயங்கும் இடம் கிளீனிங் கான்ட்ராக்ட்தான், வேறு கம்பெனி பார்க்கலாம்.

வளைகுடாவுக்கு அனுப்புகிறோம் என்று பேச்சு வந்தால், 2024 ஏப்ரலில் அமீரகத்தில் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழைக்குப் பிறகு அங்கே இந்த வேலைக்கு ஆள் தேவை என்று ஏஜென்ட்டுகள் சொல்வது நம்பக்கூடியதுதான். ஆனால் ஏஜென்ட் இந்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள், வேலை ஒப்பந்தத்தில் 'கிளீனர்' என்று இருக்கிறதா 'டெக்னீஷியன்' என்று இருக்கிறதா என்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.