ஒருவரும் ஜோடியாக ஆடாத ஊரில், 40 வயதுக்கு மேல் ஜோடி நடனம் பழக முடியுமா?

முடியும். கிளிநொச்சியில் இருந்துகொண்டு 43 வயதில் நான் வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஜோடி நடனத்தைப் பழகினேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஆட்டம் கோயிலில் காவடி எடுத்தது மட்டும்தான்.

கனடாவில் இருக்கும் பெறாமகள் தன் கலியாணத்தை வவுனியாவில் வைத்தாள். "சித்தப்பா, நீங்களும் சித்தியும் ஒரு பாட்டுக்காவது ஆடவேணும்" என்று போனில் கேட்டாள். போர் முடிந்த 2009க்குப் பிறகு எங்கள் வீட்டில் ரேடியோவைக்கூடச் சத்தமாக வைத்ததில்லை. மனுசியின் தம்பியின் படம் விறாந்தையில் மாலையோடு இருக்கிறது. அவள்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் இருந்திருந்தால் முதல் ஆளாய் ஆடியிருப்பான், பழகுவம்" என்றாள்.

சொல்லித் தந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். இடம், எங்கள் முற்றத்தில் நெல் காயப்போடும் சீமெந்துத் தரை. முதல் நாள் பாட்டே இல்லை. "தகிட, தகிட" என்று கைதட்டி நடக்க விட்டார். வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கைத் தாளம், நம்முடைய திஸ்ரம் மாதிரி. ஆண் இடக்காலை முன்னே வைத்து, வலக்காலைப் பக்கவாட்டில் வைத்து, இடக்காலை அதனோடு சேர்க்கவேண்டும். அடுத்த தகிடவுக்கு வலக்கால் பின்னே, இடக்கால் பக்கவாட்டில், வலக்கால் சேர்த்தல். பெண் வலக்காலைப் பின்வைத்துத் தொடங்குவார்.

சிக்கல் மூன்றாவது எண்ணிக்கையில்தான். கால் சேரும், பாரம் அதில் இறங்காது. இறங்காவிட்டால் அடுத்த தகிடவுக்கும் அதே கால்தான் கிளம்பும், எதிரில் நிற்பவரின் விரல் மிதிபடும். இரண்டு கிழமை நான் இதிலேயே நின்றேன். ஒரு பின்னேரம் தரையைச் சரியாகக் கூட்டவில்லை. சேர்த்த காலின் கீழ் ஒரு நெல்மணி நறுக்கென்று குத்தியது. ரீச்சர் உடனே, "இப்பதான் பாரம் வந்தது" என்றார். அப்புறம் வேண்டுமென்றே ஒரு பிடி நெல்லைத் தூவிப் பழகினோம். குத்தினால் சரி, குத்தாவிட்டால் திரும்பவும். வயல் வரம்பில் உர மூட்டையோடு நடக்கிறவர் முன்காலில் பாரத்தை இறக்காமல் மற்றக் காலைத் தூக்கவே மாட்டார். அதே நடைதான் இது.

பெண்ணைக் கையால் இழுக்காதீர்கள். உங்கள் நெஞ்சு முன்னே வந்தாலே போகும் திசை அவருக்குத் தெரிந்துவிடும்.

பாட்டை மெதுவாக எடுங்கள். மெது வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு. வியன்னா வால்ட்ஸ் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம், இப்போதைக்கு வேண்டாம். இலங்கையின் பைலா ஆட்டத்துக்குப் பயப்படத் தேவையே இல்லை. போர்த்துக்கேயர் காலத்து வேர் உள்ள ஆட்டம், 6/8 தாளம், ஜோடி இல்லாமலும் ஆடலாம்.

ஊர்ப் பேச்சு வரத்தான் செய்யும். "கைபிடிச்சு ஆடுறதோ" என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். பிறத்தியாரோடு பழகக் கூச்சம் என்றால் கணவன் மனைவியாக, அக்கா தம்பியாக வீட்டிலேயே தொடங்குங்கள். எங்களுக்குப் பின்னேரம் அரை மணித்தியாலம், ஆறு கிழமை எடுத்தது. கடைசிக் கிழமை கட்டாயம் சப்பாத்தோடு பழகுங்கள், மண்டபத்து டைல்ஸ் வழுக்கும்.

கலியாணத்தன்று பாட்டுத் தொடங்கியதும் மனுசி என் தோளில் விரலால் தகிட தட்டினாள், மூன்றாவதை மட்டும் கொஞ்சம் அழுத்தி.