காலி செய்து போனவரின் வாடகை பாக்கி

கேள்வி: தருமபுரியில் உள்ள என் வீட்டில் குடியிருந்தவர் ஆறு மாத வாடகை தராததால் காலி செய்ய வைத்தேன். மாதம் 9,000 வீதம் 54,000 ரூபாய் பாக்கி. அட்வான்ஸாக 20,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. அவர் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறார்; போனை எடுப்பதில்லை. பணத்தை எப்படி வசூலிப்பது?

பதில்: முதலில் அட்வான்ஸைக் கழித்து, 34,000 ரூபாய்க்கு மாதவாரியாகக் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். வழக்குத் தொடர்வதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பு, வீட்டைக் காலி செய்த நாளிலிருந்து அல்ல, ஒவ்வொரு மாத வாடகையும் செலுத்தியிருக்க வேண்டிய நாளிலிருந்து தனித்தனியே ஓடுகிறது. ஆகவே முதல் மாத பாக்கியே முதலில் காலாவதியாகும். அதற்குள் "பாக்கியைத் தந்துவிடுகிறேன்" என்று அவர் கையெழுத்திட்டு எழுதித் தந்தால் காலவரம்பு அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழித்துவிடாதீர்கள், அவையும் சான்றாகப் பயன்படும்.

காவல் நிலையத்துக்கு அலைவதால் பயனில்லை, இது உரிமையியல் விவகாரம். (அவர் கொடுத்த காசோலை திரும்பியிருந்தால் மட்டும் கதை வேறு, வங்கி தகவல் தந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும்.) அடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் பேச இறங்கிவந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் மக்கள் நீதிமன்றத்தில் தவணை முறையில் முடித்துக்கொள்வதே இந்தத் தொகைக்கு ஏற்றது என்பது என் கருத்து. அங்கே பதிவாகும் உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு.

அவர் மசியாவிட்டால் வழக்குத்தான். அவர் ஓசூரில் இருந்தாலும், வாடகை தர வேண்டிய இடம் தருமபுரி என்பதால் இங்கேயே தொடரலாம். ஒப்பந்தம் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். எந்த மன்றத்தை அணுகுவது என்பது அதையும் பொறுத்தது.

தீர்ப்பாணை கிடைத்தபின் நிறைவேற்று மனு போட்டுச் சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 25,000 ரூபாய் சம்பளமானால் மாதம் 8,000 ரூபாய் வரை பிடிக்கலாம். ஆனால் தொழிலாளியின் கூலியைச் சட்டம் முழுவதுமாக விலக்கியிருப்பதால், 'சூப்பர்வைசர்' என்ற பெயர் மட்டும் போதாது, அவர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார் என்பதை எதிர்த்தரப்பு கேள்வியாக்கும். அவருடைய நிறுவனத்தின் சரியான பெயர், முகவரி, அவர் வகிக்கும் பொறுப்பு ஆகியவற்றை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.